மூடிக்குத்தான் ரீகால், மாத்திரைக்கு இல்லை

கேள்வி: நாங்கள் டெக்சஸில் இருக்கிறோம். போன வருடம் கிரீன் கார்டில் வந்த அப்பாவும் அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார்கள். அம்மா ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். அந்த மாத்திரைக்கு ரீகால் (விற்ற பொருளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு) என்று மருந்துக்கடையிலிருந்து கடிதம் வந்தது. குழந்தைகள் திறக்க முடியாத மூடி அந்த பாட்டிலில் இல்லையாம், "விஷ அபாயம்" என்று போட்டிருந்தது. விஷம் என்று கேட்டதிலிருந்து அம்மா மூன்று நாளாக மாத்திரையைத் தொடவில்லை. இருப்பதைத் தூக்கிப் போட்டுவிடலாமா? அப்பாவுக்குச் சர்க்கரையும் விரல் மூட்டு வலியும் உண்டு. அழுத்தித் திருப்பும் மூடி தன்னால் ஆகாது என்று கடையில் சொல்லி சாதா மூடி வாங்கிக்கொள்கிறார். அதுவும் தப்பா? வீட்டில் எங்கள் பெண்ணுக்கு இரண்டரை வயது.
— ஒரு வாசகி

பதில்:

மூடியைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அம்மாவின் டாக்டருக்கு இன்றே போன் செய்யுங்கள். மெட்டோப்ரோலால் சட்டென்று நிறுத்தக்கூடிய மருந்து இல்லை. இதயத் துடிப்பை அடக்கி வைத்திருக்கும் மருந்து அது. திடீரென்று விட்டால் துடிப்பும் அழுத்தமும் எகிறலாம். இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு நெஞ்சு வலி, மாரடைப்பு வரைக்கும் போகலாம் என்பதால், இந்த மருந்தின் தகவல் தாளிலேயே எச்சரிக்கை போட்டிருக்கிறது. டாக்டரிடம் பேசும்போது எத்தனை நாள் விட்டுப்போனது, மாத்திரை எத்தனை மில்லிகிராம், இன்று காலை அழுத்தமும் நாடியும் எவ்வளவு என்பதைச் சொல்லுங்கள். பழைய அளவிலேயே தொடங்கலாமா, குறைத்துத் தொடங்க வேண்டுமா என்று அவர் சொல்வார். விட்டுப்போன மூன்று நாளுக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்ளும் வேலை மட்டும் வேண்டாம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் என்று ஏதாவது தெரிந்தால் டாக்டர் திருப்பிக் கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல் 911 அழையுங்கள்.

சரி, இப்போது அந்தக் கடிதம். அம்மாவுக்கு இதை நீங்களே உட்கார்ந்து விளக்கிச் சொல்ல வேண்டும். அதில் உள்ள "விஷ அபாயம்" உங்கள் பெண்ணுக்கு, அம்மாவுக்கு இல்லை. மாத்திரையில் எதுவும் கலந்துவிடவில்லை, கெட்டும் போகவில்லை. சின்னப் பிள்ளை திறந்துவிடக்கூடிய மூடியோடு பாட்டில் வீட்டுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் உங்கள் அம்மாவுக்கு மட்டும் வருவதில்லை. அமெரிக்காவில் மருந்து ரீகால் இரண்டு வேறு இடங்களிலிருந்து வருகிறது. மருந்தே சரியில்லை என்றால் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பார்க்கும். 2018ல் வால்சார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரையில் என்.டி.எம்.ஏ. என்ற புற்றுநோய் சந்தேகமுள்ள கலப்படம் தெரிந்து பெரிய ரீகால் நடந்ததே, அது அந்த வகை. அப்போதுகூட, மாற்று மருந்து கைக்கு வரும்வரை நிறுத்தாதீர்கள் என்றுதான் எஃப்.டி.ஏ. சொன்னது. மூடியும் பாட்டிலும் சரியில்லை என்றால் அதைப் பார்ப்பது நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், அதாவது சி.பி.எஸ்.சி. பொம்மை, தொட்டில், அலமாரி எல்லாவற்றுக்கும் ரீகால் அறிவிக்கிற அதே அலுவலகம். உங்களுக்கு வந்தது இந்த இரண்டாவது வகை. இந்த வகை அறிவிப்புகளில் வழக்கமாக இரண்டு வரி இருக்கும்: பாட்டிலைக் குழந்தையின் கண்ணிலும் கையிலும் படாத இடத்துக்கு உடனே மாற்றுங்கள், மாற்றிய பிறகு மருந்தை டாக்டர் சொன்னபடி தொடருங்கள். கடிதத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள், இரண்டாவது வரி கீழே எங்காவது இருக்கும். மக்கள் "விஷம்" என்ற இடத்தோடு படிப்பதை நிறுத்திவிடுவதால் அது கண்ணில் படுவதில்லை. மருந்துக்கடைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று வருடக்கணக்காக இதைப் பார்க்கிறேன். அந்த வரியை மேலே, பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே எதையும் தூக்கிப் போட வேண்டாம். பாட்டிலை மட்டும் கையில் எடுத்துப் பாருங்கள். ஆரஞ்சு நிறக் குப்பி, அதில் எங்களைப் போன்ற மருந்துக்கடைக்காரர்கள் ஒட்டிய லேபிள் என்றால், மாத்திரையைப் பெரிய டப்பாவிலிருந்து எண்ணி அந்தக் குப்பியில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கம்பெனி பாட்டிலுக்கான ரீகால் அந்தக் குப்பிக்குப் பொருந்தாது. வெள்ளை நிறக் கம்பெனி பாட்டில், அதன் மேலேயே கடை லேபிள் என்றால்தான் அதில் அச்சிட்ட லாட் எண்ணையும் (எந்தத் தொகுதியில் தயாரானது என்ற எண்) காலாவதி தேதியையும் கடிதத்தோடு ஒப்பிட வேண்டும். கடைக்குக் கம்ப்யூட்டரில் தெரிவது யாருக்கு எந்தக் கம்பெனி மருந்து போனது என்பதுதான். எந்த லாட் யாருக்குப் போனது என்பது பல நேரம் தெரியாது. அதனால் வாங்கிய எல்லாருக்கும் கடிதம் போய்விடும். உங்கள் பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லாமலேயே இருக்கலாம்.

இந்தத் தவறு எப்படி நடக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு சாதாரணக் கைமாற்றத்தில்தான். கம்பெனியிலிருந்து 500, 1000 என்று வரும் பெரிய டப்பாவுக்குக் குழந்தைத் தடுப்பு மூடி தேவையில்லை. கடைக்காரர் எண்ணிப் பிரித்துக் கொடுக்கும்போது அதை அவர் போட்டுவிட வேண்டும் என்பது கணக்கு. ஆனால் 30, 90 என்று வரும் சின்ன பாட்டிலை அப்படியே லேபிள் ஒட்டிக் கொடுத்துவிடும் வழக்கம் உண்டு. நேராக வீட்டுக்குப் போகும் பாட்டில் அது, அதனால் தடுப்பு மூடியைக் கம்பெனியே போட்டு அனுப்ப வேண்டும். அங்கே சாதா மூடி விழுந்துவிட்டால் இடையில் பிடிக்க ஆள் இல்லை. பாட்டில் மட்டும் என்றில்லை, 2018ல் நோவார்ட்டிஸ் மருந்துக் கம்பெனியும் அதன் துணைக் கம்பெனி சாண்டோஸும் மாத்திரை அட்டைகளுக்கு இதே காரணத்துக்காக ரீகால் அறிவித்தன. நம்மூர் கம்பெனியும் மாட்டியிருக்கிறது. தடுப்பு இல்லாத அட்டைகளில் மாத்திரைகளை அமெரிக்காவில் விற்றதாக வந்த வழக்கில் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் 50 லட்சம் டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. 2022 ஆகஸ்ட்டில் வால்கிரீன்ஸ், க்ரோகர் கடைகளின் சொந்தப் பெயரில் விற்ற அசெட்டமினோஃபென் பாட்டில்களுக்கு ரீகால் வந்தது. அசெட்டமினோஃபென் என்றால் நம் பாராசிட்டமால்தான். டாக்டர் சீட்டே இல்லாமல் வாங்குகிற மருந்துக்கும் இந்தச் சட்டம் உண்டு.

சட்டம் 1970 டிசம்பரில் வந்தது. அதற்கு முன் இந்த நாட்டில் சின்னப் பிள்ளைகள் ஆஸ்பிரினை மிட்டாய் என்று தின்று செத்தார்கள். கனடாவின் வின்சரில் ஹென்றி ப்ரோ என்ற குழந்தை மருத்துவர் இதைத் தாங்க முடியாமல் நல்ல மூடி ஒன்று செய்ய ஆள் தேடி, 1967 வாக்கில் அழுத்தித் திருப்பும் மூடி உருவானது. இன்று உங்கள் அப்பா திட்டிக்கொண்டிருப்பது அதன் வாரிசைத்தான். சாப்பிடும் சீட்டு மருந்துகளுக்கு 1974ல் இது கட்டாயமானது. அதிலிருந்து 1992 வரை ஐந்து வயதுக்குட்பட்ட ஏறக்குறைய 460 குழந்தைகளின் உயிரை இந்த மூடி காப்பாற்றியிருக்கும் என்று 1996ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

இந்த மூடியை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்தால், எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். மூன்றரை வயதிலிருந்து நாலேகால் வயது வரை உள்ள பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, மூடிய பாட்டிலைக் கையில் கொடுத்து, திறந்து பார் என்பார்கள். ஐந்து நிமிடம். திறக்காத பிள்ளைக்கு ஒரு முறை திறந்து காட்டுவார்கள், ஆனால் சூட்சுமத்தை வாயால் சொல்ல மாட்டார்கள். அப்புறம், "வேண்டுமானால் பல்லாலும் கடிக்கலாம்" என்று சொல்லி இன்னொரு ஐந்து நிமிடம். முதல் ஐந்து நிமிடத்தில் நூற்றுக்கு 85 பிள்ளைகளால் திறக்க முடியாமல் இருக்க வேண்டும். பத்து நிமிடமும் முடிந்த பிறகு 80 பேரால் முடியாமல் இருந்தால் போதும், மூடி பாஸ். அதாவது பரீட்சையில் தேறிய நல்ல மூடியையே ஐந்தில் ஒரு பிள்ளை பத்து நிமிடத்துக்குள் திறந்துவிடலாம். எனவே மூடி நமக்கு வாங்கித் தருவது சில நிமிட அவகாசம். அந்த நிமிடங்களுக்குள் பெரியவர் யாராவது வந்து பார்த்துவிட வேண்டும் என்பதே ஏற்பாடு. உங்கள் பெண்ணுக்கு அந்த வயது இன்னும் ஆகவில்லை என்றாலும் ஒரு வருடத்தில் ஆகிவிடும்.

அப்பாவின் மூடிக்கு வருகிறேன். அவர் கேட்டது தப்பில்லை. சாதா மூடி வேண்டும் என்று நோயாளி கேட்டால் கொடுக்கலாம் என்று சட்டத்திலேயே இடம் இருக்கிறது. டாக்டர் ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனியாகத்தான் சொல்ல முடியும். நோயாளியோ, "இனி எனக்கு எல்லா மருந்துக்கும் சாதா மூடி" என்று ஒரே தடவையில் சொல்லிவிடலாம். சிக்கல் அங்கேதான். அந்த ஒரு வார்த்தை கடையின் கம்ப்யூட்டரில் அவர் பெயருக்கு நேரே ஏறிவிடும். யாரும் எடுக்கச் சொல்லாதவரை வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். இன்று போட்ட புது மருந்துக்கும் அதே மூடி வரும். அம்மாவின் கணக்கிலும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். மாத்திரை வாங்கப் போனது அப்பா என்றால் இருக்க வாய்ப்புண்டு. இருந்தால் அந்த பாட்டிலுக்குச் சாதா மூடி வந்ததற்கு ரீகால் காரணமே இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். ஆரஞ்சுக் குப்பிகளில் பல மூடிகளுக்கு இரண்டு முகம் உண்டு. ஒரு பக்கம் அழுத்தித் திருப்புவது, கவிழ்த்துப் போட்டால் சாதாத் திருகு. கடையில் தடுப்புப் பக்கமாகத்தான் போட்டுத் தருவோம். வீட்டுக்குப் போனதும் தாத்தாக்கள் கவிழ்த்துவிடுவார்கள். மூடியின் மேல்பக்கம் வழவழப்பான தட்டாக இல்லாமல், நடுவில் மரைபோட்ட வட்டம் ஒன்று எழும்பி நின்றால் அது கவிழ்த்துப் போட்டது என்று அர்த்தம். இன்று ராத்திரி எல்லாக் குப்பிகளையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மூட்டு வலிக்காரரை இந்த மூடியோடு மல்லுக்கட்ட வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1995ல் விதியைத் திருத்தி, 50 முதல் 70 வயதுக்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரால் திறந்து மூட முடிந்தால்தான் மூடி தேறும் என்று வைத்தார்கள். மீதிப் பத்துப் பேரில் ஒருவர் உங்கள் அப்பா. அவர் கையில் தடுப்பு மூடியைக் கொடுத்தால் என்ன செய்வார்? கஷ்டப்பட்டு ஒரு தடவை திறந்துவிட்டு, அப்புறம் மேலே சும்மா வைத்துவிடுவார். "கட்டக்" என்று பிடிக்கும் வரை திருகாத மூடி, மூடியே போடாததற்குச் சமம். என்னைக் கேட்டால், சாதா மூடியே இருக்கட்டும், ஆனால் அப்பாவின் மருந்து முழுவதும் பூட்டுள்ள ஒரு பெட்டிக்குள் போகட்டும். எண் பூட்டு வைத்த மருந்துப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. எண்களை மெதுவாக அழுத்துவது அவர் விரலுக்கு மூடியை அழுத்தித் திருப்புவதைவிட லேசு. குழந்தை இல்லாத வீட்டில் தனியாக இருக்கும் பெரியவருக்கு இதே யோசனையைச் சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் வேறு வழியில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பாட்டில் மூடியைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. திங்கள், செவ்வாய் என்று கட்டம் போட்ட மாத்திரை டப்பா. டைனிங் டேபிளில் காலை மாத்திரைக்காக எடுத்துவைத்த சின்னக் கிண்ணம். புடவைத் தலைப்பிலோ கைப்பையிலோ முடிந்துவைத்த இரண்டு மாத்திரை. ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வாங்கி வந்து சூட்கேஸின் ஜிப் பையில் வைத்த அட்டைகள். இது எதற்கும் எந்தத் தடுப்பு மூடியும் கிடையாது. மாத்திரை சாப்பிட்டுவிட்ட சின்னப் பிள்ளைகளைப் பற்றிச் சில மாநிலங்களின் விஷத் தகவல் மையங்களுக்கு 2017ல் வந்த அழைப்புகளை ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் பெரியவர் யாரோ அந்த மாத்திரையை அதன் பாட்டிலிலிருந்து முன்பே எடுத்துவிட்டிருந்தார். பாட்டிலுக்கு எவ்வளவு நல்ல மூடி இருந்தும் அந்தப் பிள்ளைகளுக்குப் பயனில்லை.

நீங்கள் முதலில் பூட்ட வேண்டியது அப்பாவின் சர்க்கரை மாத்திரை. கிளிமிபிரைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு என்று பெயர் பார்த்தால் கூடுதல் கவனம் வேண்டும். இவற்றில் ஒரே ஒரு மாத்திரை போதும், இரண்டரை வயதுப் பிள்ளையின் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். அதுவும் உடனே தெரியாது, பல மணி நேரம் கழித்துத் தூக்கத்தில்கூட இறங்கும். "விழுங்கினாள், ஆனால் நன்றாகத்தானே விளையாடுகிறாள்" என்று விட்டுவிட முடியாத மருந்து. அம்லோடிபின், நிஃபெடிபின் மாதிரியான அழுத்த மாத்திரைகளும் சின்னப் பிள்ளைக்கு ஒன்றிரண்டே அதிகம். அம்மாவின் மெட்டோப்ரோலாலும் அந்தப் பெட்டிக்குள்ளேயே போகட்டும்.

மருந்து என்று யாரும் நினைக்காத இரண்டு பொருளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று பூஜை அலமாரியில் இருக்கும் சூடம். வெள்ளையாக, சின்னதாக, மிட்டாய் மாதிரியே இருக்கும். ஒரு பிள்ளை ஒன்றிரண்டு வில்லையை விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். இன்னொன்று அப்பா முட்டிக்குத் தடவும் வலித்தைலம். அதில் இருக்கக்கூடிய விண்டர்கிரீன் எண்ணெய், அதாவது மெத்தில் சாலிசிலேட், ஒரு டீஸ்பூன் என்பது, ஒரு கைப்பிடி ஆஸ்பிரினை ஒன்றாக விழுங்கியதற்குச் சமம். சாமி அலமாரியை உயரத்துக்கு மாற்றச் சொன்னால் அம்மா முகம் சுளிப்பார். சூட டப்பாவை மட்டும் மேலே வைக்கச் சொன்னால் கேட்பார்.

விழுங்கிவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 1-800-222-1222. விஷத் தகவல் மைய எண், அமெரிக்காவில் எங்கிருந்தாலும் இதே எண், காசில்லை, இருபத்து நாலு மணி நேரமும் நர்ஸோ பார்மசிஸ்டோ பேசுவார். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். அப்பா, அம்மா இருவர் போனிலும் பதிந்துவையுங்கள், ஏனென்றால் பகலில் பெண்ணோடு வீட்டில் இருப்பது அவர்கள்தான். விழுங்கியதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தாலும் அழைக்கலாம். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை குறைகிறது என்று எண்ணிச் சொன்னால் போதும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது, புளி கரைத்து ஊற்றுவது, தொண்டைக்குள் விரல் விடுவது எதுவும் கூடாது. உப்புத் தண்ணீரே பிள்ளைக்கு இன்னொரு விஷமாகிவிடும். பிள்ளை எழுப்பினால் எழவில்லை, வலிப்பு வருகிறது, மூச்சு சரியில்லை என்றால் நேராக 911.

ரீகால் வேலைக்குக் கடிதத்தில் உள்ள கம்பெனி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சில கம்பெனிகள் மாற்று மூடி அனுப்பும், சில பாட்டிலையே மாற்றிக் கொடுக்கும், சில பணத்தைத் திருப்பித் தரும். உங்கள் கடிதத்தில் எது என்று இருக்கிறதோ அதுதான். கம்பெனியிலிருந்து வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பாட்டிலைக் கடைக்குக் கொண்டுபோய், தடுப்பு மூடியுள்ள காலிக் குப்பி ஒன்றுக்கு மாற்றித் தரக் கேட்டுப் பாருங்கள். நான் என் கவுண்டரில் செய்து தருவேன், பெரும்பாலான கடைகளிலும் மறுக்க மாட்டார்கள். பழைய குப்பியைக் கழுவிக் கொண்டுபோய் அதிலேயே போட்டுத் தரச் சொல்லாதீர்கள், அடிக்கடி திறந்து மூடி பிளாஸ்டிக் தேய்ந்திருக்கும், நாங்களும் அதைத் திரும்ப உபயோகிக்கக் கூடாது.

ஊரிலிருந்து வந்ததில் காலாவதியானது இருந்தால் அதை மட்டும் கழித்துவிடுங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, காலையில் ஃபில்டரில் மிஞ்சிய காபிச் சக்கையோடு கலந்து, ஒரு கவரில் இறுகக் கட்டிக் குப்பையில் போடலாம். பெரிய மருந்துக்கடைகள் பலவற்றில் பழைய மருந்து போடுகிற பெட்டியும் இருக்கும், அதில் போட்டால் இன்னும் நல்லது.